வெறும் ‘சரி’ சொன்ன அப்பாவின் கடிதம்

குளுவாங்,
வியாழக்கிழமை மத்தியானம்.

அன்பு மகளுக்கு,

நீ உன் அம்மாவோடு பசாருக்குப் போயிருக்கிறாய். திரும்பி வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு கட்டுக் கீரை வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள் உன் அம்மா. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். தாராளமாகச் சிரி. இருபத்தைந்து வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து, மருந்தைவிட வாயால் அதிகம் வைத்தியம் பார்த்தவன் நான். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த மகளிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முந்தாநாள் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். உனக்கு வேலை கிடைத்த கடிதம் வந்தது. நீ அதைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தாய். படித்து முடித்துவிட்டு, “போகட்டுமாப்பா?” என்று கேட்டாய். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு “சரி” என்றேன். நீ நகரவில்லை. “அப்பா, இந்தச் சரி எனக்கு வேணாம். நான் எங்க போறேன், என்ன வேலைக்குப் போறேன், அதப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க, அத உங்க வாயால முழுசா சொல்லுங்க” என்றாய். நான் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். அப்போதுதான் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து நின்ற ரோஜாச் செடிக்கு நான் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர்கூடச் சிரித்தார். நாளைக் காலை உனக்கு ரயில். இரண்டு நாளாக உன் முகத்தைப் பார்த்து நான் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. நீ கேட்காமல் இருப்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

என் பேச்சின் மேல் எனக்கு எப்போதும் ஒரு மண்டைக்கனம் உண்டு. பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். ஜோகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் கட்டுப்போடவும் மருந்து கலக்கவும் பழகிக்கொண்டு தோட்டத்துக்கு டிரசராக வந்தேன். கோயில் திருவிழாவில் பேச ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம், கருமாதி எதுவானாலும் நாலு வார்த்தை பேசு என்பார்கள், நான் நானூறு பேசுவேன். உன் அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். “உங்க அப்பா பேசுனா கொசுகூட உக்காந்து கேக்கும், சனங்கதான் கேக்காது” என்று. அதை நான் வெகுகாலம் வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தோட்டத்தில் நாங்கள் வந்த புதிதில் குளிர்காய்ச்சல் ஆளைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. ரப்பர்க் கித்தா நடக் காட்டை வெட்டிக்கொண்டே போன புது நிலம், எங்கு பார்த்தாலும் தேங்கிய தண்ணீர். தினமும் விடியற்காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு மடக்கு கொயினா மருந்துத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேனா? ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு, “அன்பார்ந்த தொழிலாளப் பெருமக்களே, இக்கொடிய காய்ச்சலுக்கு மூலகாரணமாகிய கொசுவானது” என்று ஆரம்பித்தால் கிழக்கு வெளுக்கிறவரை முடிக்கமாட்டேன். கையில் பால் வாளியோடும் வெட்டுக் கத்தியோடும் நின்றுகொண்டு எல்லாரும் கேட்பார்கள். “விளங்கியதா?” என்பேன். இருநூறு வாயும் ஒன்றாகச் “சரிங்கய்யா” என்னும். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஆனால் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கட்டிலும் நிறைந்து, கீழே பாய் விரித்தும் படுத்திருந்தார்கள். இத்தனை சொல்லியும் இந்தக் காய்ச்சல் ஏன் குறையவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

உன் அம்மாதான் குழாயடியிலிருந்து விஷயத்தைக் கொண்டுவந்தாள். சாமான் கொட்டகைக்குப் பின்னால் போனதும் ஒருத்தர் விடாமல் துப்பிவிடுகிறார்களாம். என் பேச்சு முடிகிறவரை பாவம், வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்த “சரிங்கய்யா”கூட உதட்டை மூடிக்கொண்டு சொன்னதுதானாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஏன் துப்புறாங்க?” என்று கத்தினேன். “வெறும் வயித்துல குடிச்சா கொமட்டுதாம், காது ங்ஙொய்னு இரையுதாம். மொதல்ல ஒரு வாய் காப்பித்தண்ணி ஊத்துனா குடிக்கிறோங்கறாங்க” என்றாள். “அத ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?” “நீங்க எப்பங்க கேட்டீங்க?” என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு அடுப்பை ஊதப் போய்விட்டாள். மறுவாரம் துரையிடம் சொல்லிப் பெரிய அண்டாவில் காப்பி போட ஏற்பாடு செய்தேன். பேச்சை நிறுத்தினேன். பாதிப் பேர் குடிக்க ஆரம்பித்தார்கள். அதோடு எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நீ நினைத்தால் உன் அப்பாவை உனக்குத் தெரியாது.

துரையிடம் பேசுவதிலும் இதே கூத்துதான். ஆஸ்பத்திரி ஜன்னல்களுக்குக் கொசு வராத கம்பி வலை அடிக்கவேண்டும் என்று கேட்கப் போனேன். இங்கிலீஷில் நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி ஒரு வாரம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், ரோமாபுரியில் காய்ச்சல் வந்த கதையிலிருந்து ஆரம்பித்தேன். துரை மடியில் நாயை வைத்துக்கொண்டு அதன் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் வலைக்கு வந்து சேர்வதற்குள் அவர் இரண்டு காதையும் முடித்துவிட்டார். “வெரி இன்ட்ரஸ்டிங், டிரசர்” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். எனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. வலை வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று, அதுவும் வேறொரு துரை காலத்தில்.

இனி எழுதப்போவது நான் உன்னிடம் ஒருநாளும் பேசாதது. உனக்கு அப்போது எட்டு வயது. செல்லாயியை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டுக்கு எதிரே இருந்த லயத்தில் கடைசி வீடு. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உனக்குப் பின்னல் போட்டுவிடுவாளே, அவள்தான். அவளுக்கு அது தலைப்பிள்ளை. ஏழாவது மாதத்தில் கங்காணி அவளையும் அவள் புருஷன் முனியனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். கங்காணி ஒரு பக்கம், முனியன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம், அவள் இருவருக்கும் பின்னால். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. “தலைவலி உண்டா?” என்று முனியனைக் கேட்டேன். அவன் “இல்லீங்கய்யா” என்றான். “கண் மங்குகிறதா?” “இல்லீங்கய்யா.” கால் கொஞ்சம் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். உப்பைக் குறை, வேலைக்கு அனுப்பாதே, தலைவலியோ கண்ணில் பூச்சி பறப்பதோ தெரிந்தால் அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு வா என்று முனியனுக்கு விளக்கிச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், மகளே. ஒரு வார்த்தை தப்பில்லை. “விளங்கியதா?” என்றேன். முனியன் “சரிங்கய்யா” என்றான். கங்காணி “சரிங்க” என்றார். அவளும் தரையைப் பார்த்துக்கொண்டே “சரிங்கய்யா” என்றாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் வலிப்பு கண்டு அவளைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நான் செய்யத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. என் பதிவுப் புத்தகத்தில் “முன்கூட்டியே சொல்லப்பட்டது, நோயாளி கேட்கவில்லை” என்று எழுதினேன். அதோடு விட்டேனா? புதைத்துவிட்டு வந்த முனியனை வழியில் நிறுத்தி, “நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்தாய்?” என்று நாலு பேர் எதிரில் திட்டினேன். அவன் மண் அப்பிய கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னதும் “சரிங்கய்யா”தான்.

பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்திருக்கிறது. கண் முன்னால் பூச்சி பறந்திருக்கிறது. அந்த லயத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். முனியனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவளுக்கு அவனிடம் அதைச் சொல்லக் கூச்சம். என்னிடம் எப்படிச் சொல்வாள்? கங்காணியும் புருஷனும் முன்னால் நிற்க, புருஷன் “இல்லீங்கய்யா” என்று சொல்லிவிட்ட பிறகு, அவள் “இருக்குங்க” என்று சொன்னால் அவனைப் பொய்யனாக்கியதாகாதா? தோட்டத்தில் ஐயாமார் கேட்கும் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான் உண்டு. புரிந்தாலும் அதுதான், புரியாவிட்டாலும் அதுதான். பயத்தை மறைக்கச் சொல்லும் வார்த்தையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவளை நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் நின்றவனைக் கேட்டேன். அந்தப் பதிவை நான் மாற்றி எழுதவும் இல்லை. முனியன் அந்த வருஷமே வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு மாதம் இருந்தது, கேட்கவில்லை.

நீ ஜோகூர் பாருவில் படிக்கும்போது எழுதிய ஒரு கடிதத்தை நான் பெட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். ஒரு மலாய்க்காரப் பெண்ணுக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தாயாம். அவள் எதற்கெடுத்தாலும் “போலே, போலே”, ஆகட்டும் ஆகட்டும், என்று தலையை ஆட்டினாளாம். மறுநாள் பார்த்தால் ஒன்றுமே செய்யவில்லையாம். உனக்குக் கோபம் வரவில்லை. “அவங்க போலேன்னு சொன்னது எனக்காகப்பா. நான் சீக்கிரம் அந்த இடத்தவிட்டுப் போகணும்னு” என்று எழுதியிருந்தாய். இருபத்திரண்டு வயதில் உனக்குத் தெரிந்தது எனக்கு நாற்பதில் தெரியவில்லை.

போன மாதம் நம் பழைய தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பெண்களுக்குப் பேச உன்னைக் கூப்பிட்டார்கள் அல்லவா? உன்னைவிட எனக்குத்தான் பரபரப்பு. இரண்டு தாள் நிறைய உனக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். “தாய்மையின் மகத்துவம்” என்று ஆரம்பிக்கும். நீ அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய், நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அங்கே போனால் மேசை போட்டிருந்தார்கள், நாற்காலி போட்டிருந்தார்கள், கங்காணிமார்கள் வேட்டி வெளுப்பாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நீ முதல் காரியமாக அவர்களிடம் போய், “மாமா, கோவிச்சுக்காதீங்க. இது பொம்பளைங்க பேச்சு. உங்களுக்கு வெளிய காப்பி வெச்சிருக்கு, முடிஞ்சதும் உங்களுக்கும் தனியா சொல்றேன்” என்றாய். அவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். நான் மட்டும் என் மகள்தானே என்று கெட்டியாக உட்கார்ந்திருந்தேன். “அப்பா, நீங்களும்தான்” என்றாய். இருபத்தைந்து வருஷம் டிரசராக இருந்தவனை அவன் ஆண்ட தோட்டத்திலேயே வெளியே அனுப்பிவிட்டாய்.

நான் காப்பி குடிக்கப் போகவில்லை. கொட்டகைக்குப் பின்புறம் பலகைச் சுவர் ஓரமாக நின்று ஒட்டுக்கேட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. நீ நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. தாள் பிரிக்கும் சத்தம் கேட்கவே இல்லை. முதலில் யாருக்கு எத்தனை பிள்ளை, யார் மடியில் இருப்பது யார் பிள்ளை என்று விசாரித்தாய். பிறகு கால் வீங்குவதையும் தலைவலியையும் பற்றி ஐந்தே நிமிஷம் சொன்னாய். “சரிங்கம்மா” என்று எல்லாரும் கோரஸாகச் சொன்னார்கள். நான் காதைப் பலகையில் இன்னும் அழுத்தினேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? “சரின்னு சொல்லாதீங்கக்கா. நான் பேசுனது வெளங்கற மாதிரி இருந்துச்சான்னு எனக்கே தெரியல. நான் என்ன சொன்னேன்னு நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்” என்றாய்.

ஒரு பெண் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். “கால் வீங்குனா நெறையா உப்புப் போட்டுக் கஞ்சி குடிக்கணும்னு சொன்னீங்கம்மா.” எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நானாக இருந்தால் அவளைத் தொலைத்திருப்பேன். நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு, “அப்ப நான்தான் சரியா சொல்லல. நல்ல வேள சொன்னீங்கக்கா” என்று சொல்லி, வேறு வார்த்தையில், உப்புக் கருவாட்டையும் ஊறுகாயையும் பெயர் சொல்லி மறுபடி விளக்கினாய். மறுபடி அவளையே சொல்லச் சொன்னாய். இந்த முறை சரியாகச் சொன்னாள். ஒன்று விட்டுப்போனதை மட்டும் நீ எடுத்துக்கொடுத்தாய். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைக்குள் எழுந்த பேச்சுச் சத்தத்தை நான் இருபத்தைந்து வருஷத்தில் கேட்டதில்லை. ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். நடுவில், மெதுவான குரலில் ஒருத்தி, “எனக்குக் கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதும்மா. தலைய வலிக்குது. நேத்து ரெண்டு தடவ” என்றாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். நீ குரலைக்கூட உயர்த்தவில்லை. “நல்லா செஞ்சீங்கக்கா, இப்பவே சொன்னீங்களே” என்று மட்டும் சொன்னாய். அரைமணி நேரத்தில் அவள் தோட்டத்து லாரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நீ அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாய். போன வாரம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று கேள்விப்பட்டோம். உன் அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் பாதி, செல்லாயிக்காகப் பாதி. உன்னைப் பெற்றதற்காக எனக்குள் எழுந்த பெருமையை நான் எந்த மேடையிலும் பேசி முடிக்கமுடியாது.

அன்றைக்கு லாரியில் ஏறப் போகிற போக்கில் துரையிடம் நீ பேசியதையும் பார்த்தேன். “சார், ஆஸ்பத்திரியில் பெண்களைச் சோதிக்கும் அறைக்குக் கதவு வேண்டும். கதவு இல்லாததால் அவர்கள் வருவதில்லை” என்று இரண்டே வாக்கியம் இங்கிலீஷில் சொன்னாய். அவர் அங்கேயே கணக்கு எழுதும் கிராணியைக் கூப்பிட்டுத் தச்சனுக்குச் சொல்லிவிட்டார். நான் அந்த ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன், அந்த அறைக்குக் கதவு இல்லை என்பது என் கண்ணில் பட்டதே இல்லை. ரோமாபுரியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை.

ஆகையால் உனக்குப் புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் ஆயிற்றே, சொல்லாமல் இருக்க முடியுமா? புதுத் தோட்டத்தில் லயத்துக்குள்ளேயே பிரசவம் பார்க்கும் வயதான பெண்கள் இருப்பார்கள். போன அன்றே அவர்கள் வீட்டுக்கு நீயாகப் போ. அவர்களிடம் பிழை கண்டுபிடிக்காதே, முதலில் அவர்கள் பார்த்த பிரசவங்களைப் பற்றிக் கேள். கங்காணியைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு பெண்களிடம் பேசாதே. பதில் வரத் தாமதமானால் பொறு. நான் மௌனம் தாங்கமாட்டாமல் நானே பதிலையும் சொல்லிவிடுவேன். அந்தக் குணம் உனக்கும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லாதே. களைத்துப்போன நாட்களில் நீ கடகடவென்று பேசுகிறாய், அது அப்படியே என் வாய். அன்றைக்கு மட்டும் பேசுவதைப் பாதியாகக் குறைத்துக்கொள். தோட்டத்தில் உன்னை எல்லாரும் “அம்மா, அம்மா” என்பார்கள். அதில் உச்சி குளிர்ந்துவிடாதே, அந்த வியாதி நம் குடும்பத்தில் ஏற்கனவே ஒருத்தருக்கு வந்தாகிவிட்டது.

சரி, சுற்றி வளைத்தது போதும். முந்தாநாள் ஏன் எழுந்து போனேன் என்று சொல்லவேண்டும். இந்தியாவில் நம் ஊரில் மருத்துவச்சி கொல்லைப்புற வழியாகத்தான் வீட்டுக்குள் வருவாள். பிள்ளையைக் கையில் வாங்கி உயிர் கொடுப்பவள் அவள், அவளுக்குத் தண்ணீர் மட்டும் தனிச் செம்பில் எட்ட நின்று ஊற்றுவார்கள். என்னைப் பெற்றபோதும் அப்படித்தான் நடந்திருக்கும். கடல் தாண்டி வந்து, சாதி பார்க்காமல் எத்தனையோ பேர் புண்ணைத் துடைத்தும், அந்தச் செம்பை நான் கூடவே தூக்கி வந்திருக்கிறேன் என்பது உன் வேலைக் கடிதம் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு வருஷமாக வெளியில் யார் கேட்டாலும், “மகள் நர்ஸுக்குப் படிக்கிறாள்” என்றுதான் சொல்லிவந்தேன். வெள்ளைத் தொப்பி வைத்த நர்ஸ் என்று சொன்னால் காதுக்கு அழகாக இருந்தது. நீ கேட்டபோது நான் சொல்லவேண்டியிருந்தது மருத்துவச்சி என்ற அந்த ஒரு வார்த்தை. அது வாயில் வரவில்லை. அதனால் “சரி” என்றேன். முனியன் சொன்ன அதே சரி. நீ உடனே கண்டுபிடித்துவிட்டாய், அதுதானே உன் தொழில்.

இன்று காலை ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக்கடையில் வழக்கமான கூட்டம். ரயில்வேயில் கொடி காட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சாமிநாதன், “ஐயா, பாப்பா நாளைக்குக் கெளம்புதாமே, எங்க, நர்ஸ் வேலைக்குங்களா?” என்று கேட்டார். எட்டுப் பேர் இருந்தார்கள். நான் காப்பியைக் கீழே வைத்தேன். “இல்ல சாமிநாதன். மருத்துவச்சி வேலைக்கு” என்றேன். ஏதாவது சிரிப்பு வரும், முகம் சுளிப்பார்கள் என்று காத்திருந்தேன். சாமிநாதன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அய்யா, என் மருமகளுக்கு இது ஆறாம் மாசம். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. பாப்பா போறதுக்குள்ள ஒரு தடவ வந்து பாக்குமா?” என்றார். வாழ்நாளில் நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது, அதற்குக் கிடைத்த பதில் எந்தப் பேச்சுக்கும் கிடைத்ததில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அழைத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஆண்களை வெளியே நிறுத்துவது என் பொறுப்பு.

இனி நீ கேட்டதைச் சொல்கிறேன். என் மகள் நாளைக் காலை குளுவாங்கில் ரயிலேறிப் பெக்கோக்கில் இறங்குகிறாள். அங்கிருந்து லாரியில் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே அவள் மருத்துவச்சி. முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போவாள், அவர்கள் செம்பில் தண்ணீர் குடிப்பாள். பெண்களின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள், பதில் வரும்வரை காத்திருப்பாள். அவள் போவதில் எனக்கு முழுச் சம்மதம். சம்மதம் என்பதுகூடக் குறைவு, என் நெஞ்சு நிமிர்ந்து நிற்கிறது. நான் சொன்னது சரியா? விட்டுப்போனது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொடு, மறுபடி சொல்கிறேன்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் ஒன்று விட்டுத்தான் போயிருக்கிறது. எத்தனையோ படிப்பு இருக்க, இந்த வேலையை நீ ஏன் எடுத்தாய் என்று இத்தனை வருஷத்தில் நான் உன்னைக் கேட்டதில்லை. செல்லாயி முந்தின நாள் பின்னிவிட்ட பின்னலோடு, அவளைத் தூக்கி வந்த அன்று நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தாய் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதில் இதுதானோ என்று ஊகிக்கிறேன், ஆனால் ஊகித்துக் கெடுத்தவன் நான். நாளைக்கு ஸ்டேஷனுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே போய்விடுவோம். உன் அம்மா பெட்டியைப் பார்த்துக்கொள்வாள். நாம் இரண்டு பேரும் அந்தக் கடைசி பெஞ்சில் உட்காருவோம். நான் கேட்கிறேன், நீ சொல்லு. ரயில் வரும்வரை நான் குறுக்கே பேசமாட்டேன்.

உன் அப்பா.